இயல்பு எங்கே இருக்கிறது: ஈபி3 ஏற்பியை முன்வைத்து

ஈபி3 என்பது மனித உடலின் பல திசுக்களில் செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம். ஏறத்தாழ 390 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே இழை, செல்லுறையை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. புராஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் சிறிய கொழுப்பு மூலக்கூறு அதில் வந்து பொருந்தும்போது ஏற்பியின் வடிவம் மாறுகிறது. செல்லின் உட்புறத்தில் காத்திருக்கும் ஜி புரதம் ஒன்று செயலில் இறங்குகிறது. மூளையில் இது நடந்தால் காய்ச்சல் வருகிறது. கருப்பையில் நடந்தால் தசை சுருங்குகிறது. இரைப்பையில் நடந்தால் அமிலச் சுரப்பு குறைகிறது. சிறுநீரகத்தில் நடந்தால் நீர் கூடுதலாக வெளியேறுகிறது. வந்து பொருந்தும் மூலக்கூறும் ஒன்று, அதை ஏற்கும் புரதமும் ஒன்று. விளைவுகள் மட்டும் ஒன்றோடொன்று உறவில்லாதவை.

அப்படியென்றால் இந்த ஏற்பியின் வேலைதான் எது? உடலியல் நூல்கள் இதற்குத் திசுவாரியாக ஓர் அட்டவணை தந்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் அந்த அட்டவணைக்குக் கீழே ஒரு பழைய தத்துவ வழக்கு கிடக்கிறது. ஒரு பொருளின் இயல்பு அதற்குள்ளேயே முழுமையாக இருக்கிறதா, அல்லது அது நிற்கும் இடத்தாலும் அதனோடு கூடும் துணைகளாலும் ஆகிறதா என்பதே அந்த வழக்கு. கிரேக்கரும் பௌத்தரும் நியாய மரபைச் சேர்ந்த நையாயிகரும் விதையையும் கத்தியையும் கையையும் வைத்து நடத்திய வாதத்தை, இன்று ஒரு புரதத்தை வைத்து இன்னும் நுட்பமாக நடத்த முடியும்.

1930இல் நியூயார்க்கில் ரஃபேல் குர்ஸ்ராக், சார்லஸ் லீப் என்ற இருவர், அறுவையில் எடுத்த மனிதக் கருப்பைத் தசைத் துண்டுகளின் மேல் விந்துத் திரவத்தைப் படவிட்டுப் பார்த்தார்கள். சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. புராஸ்டாகிளாண்டின் ஆராய்ச்சி தொடங்கியதே எதிரெதிரான இந்த இரு விளைவுகளில்தான். சுவீடனில் உல்ஃப் ஃபான் ஆய்லர் அந்தத் திரவத்தில் உள்ள செயலூக்கப் பொருளுக்கு 1935இல் பெயரிட்டார். சுனே பெர்க்ஸ்ட்ரோமும் பெங்ட் சாமுவேல்சனும் அந்தப் பொருள்களைத் தூய்மையாகப் பிரித்து அவற்றின் அமைப்பையும் உருவாகும் வழியையும் தெளிவாக்கினார்கள். ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் மூவருக்கும் 1982இல் நோபெல் பரிசு கிடைத்தது.

புராஸ்டாகிளாண்டின்கள் செல்லுறையில் உள்ள அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து, தேவைப்பட்ட நேரத்தில், தேவைப்பட்ட இடத்தில் உருவாகின்றன. அவை சேமித்து வைக்கப்படுவதில்லை. இரத்தத்தில் கலக்கும் புராஸ்டாகிளாண்டின் ஈ2இன் பெரும்பகுதி நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் சிதைந்துவிடுகிறது. இன்சுலினைப் போலவோ தைராய்டு ஹார்மோனைப் போலவோ உடல் முழுவதும் பயணம் செய்து சொல்லப்படும் செய்தி அல்ல இது. அக்கம்பக்கத்தில் உள்ள செல்களுக்குள் நடக்கும் பேச்சு. ஆகவே இடம் என்பது இங்கே தற்செயலான சூழல் அல்ல. எந்த இடத்தில் உருவாயிற்று என்பது அந்த மூலக்கூறு எதைச் செய்யும் என்பதில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

மறுபாதியைத் தீர்மானிப்பவை ஏற்பிகள். கோல்மனும் கென்னடியும் அவர்களோடு பணியாற்றியோரும் 1980களின் தொடக்கத்தில், எந்த மருந்துக்கு எந்தத் திசு எப்படி மறுமொழி தருகிறது என்பதை மட்டும் வைத்து இவற்றை வகைப்படுத்தினார்கள். 1991இல் கியோட்டோவில் ஷூ நருமியாவின் குழு இந்தக் குடும்பத்தின் முதல் ஏற்பியான திராம்பாக்சேன் ஏற்பியின் மரபணுத் தொடரைக் கண்டறிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றவையும் வெளிவந்தன. புராஸ்டாகிளாண்டின் ஈ2க்கு மட்டும் நான்கு ஏற்பிகள் உள்ளன. ஈபி1 செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்துகிறது. ஈபி2, ஈபி4 இரண்டும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் உட்செய்தி மூலக்கூறின் அளவைக் கூட்டுகின்றன. ஈபி3 பெரும்பாலும் அதைக் குறைக்கிறது. ஒரே திசுவில் இவை வெவ்வேறு விகிதத்தில் கலந்திருக்கலாம். கருப்பைத் தசையில் ஈபி3 சுருக்கத்தையும் ஈபி2, ஈபி4 தளர்ச்சியையும் தருகின்றன என்பது தெரிந்த பிறகு, ஒரே பொருள் ஒரே தசையைச் சுருக்கவும் தளர்த்தவும் முடிவது புதிராக இருக்கவில்லை.

புதிர் தீர்ந்தது போலத் தோன்றினாலும் அது ஒரு படி கீழே இறங்கியதே உண்மை. மூலக்கூறு ஒன்றாயினும் ஏற்பிகள் பல, அதனால் விளைவுகள் பல என்று சொல்லிவிடலாம். ஆனால் ஈபி3 என்ற ஒரே ஏற்பியை மட்டும் பிரித்தெடுத்துப் பின்தொடர்ந்தாலும் விளைவுகள் பலவாகவே இருக்கின்றன.

காய்ச்சலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின் போன்ற செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டலால் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள செல்கள் புராஸ்டாகிளாண்டின் ஈ2ஐ உருவாக்குகின்றன. அது ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் உள்ள நரம்புச் செல்களின் ஈபி3 ஏற்பியை அடைகிறது. அந்த நரம்புச் செல்கள் வழக்கமாக, உடல் வெப்பத்தைப் பெருக்கும் பாதைகளை அடக்கி வைத்திருப்பவை. ஈபி3 அவற்றின் செயலைத் தணிக்கிறது. அடக்கி வைத்திருந்தவை தணிந்ததும், அடங்கியிருந்தவை எழுகின்றன: தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கின்றன, தசைகள் நடுங்குகின்றன, உடல் சூடாகிறது. ஏற்பி செய்தது தணித்தல் மட்டுமே; உடலில் தெரிந்ததோ கொதிப்பு.

1998இல் நருமியாவின் குழு, ஈபி3 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் காய்ச்சல் தூண்டும் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தது. புராஸ்டாகிளாண்டின் ஈ2ஐக் கொடுத்தாலும், இன்டர்லூகினைக் கொடுத்தாலும், பாக்டீரியாவின் உறைப் பொருளைக் கொடுத்தாலும் அவற்றுக்குக் காய்ச்சல் வரவில்லை. 2007இல் வேறொரு குழு இன்னும் கூர்மையான சோதனை செய்தது. உடல் முழுவதும் ஏற்பியை விட்டுவைத்து, ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் நடுவாக அமைந்த ஒரு சிறு நரம்புத் தொகுதியில் மட்டும் அதை நீக்கியது. அப்போதும் காய்ச்சல் எழவில்லை. காய்ச்சல் உடல் முழுவதும் நிகழ்வது. அதற்கு இன்றியமையாத ஏற்பியோ ஊசிமுனை அளவான இடத்தில் உள்ளது. இரைப்பையிலும் கருப்பையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும் அதே ஏற்பிகள் இந்தக் குறையை ஈடுசெய்ய முடியவில்லை.

இரைப்பையில் நடப்பது நேர்மாறான கதை. அமிலம் சுரக்கும் செல்களில் ஹிஸ்டமின் வந்து தூண்டும்போது சைக்ளிக் ஏஎம்பி உயர்கிறது; அதன் விளைவாக அமிலத்தை வெளியேற்றும் பம்புகள் இயங்குகின்றன. ஈபி3 அந்த உயர்வைத் தடுக்கிறது, அமிலம் குறைகிறது. வலி மாத்திரைகளை நீண்ட நாள் விழுங்குபவர்களுக்கு இரைப்பைப் புண் வருவதற்கு ஒரு காரணம், அந்த மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டினை வற்றச் செய்து இந்தக் காவலையும் சேர்த்து நீக்கிவிடுவதே.

கருப்பைத் தசையில் அதே சைக்ளிக் ஏஎம்பிக்குப் பொருள் வேறு. மழமழப்பான தசைச் செல்லில் அது தளர்ச்சியின் பக்கம் நிற்கிறது. அதைக் குறைத்தால் தசை சுருங்கும் பக்கம் சாய்கிறது. இரைப்பைச் செல்லில் தடையாக முடிந்த அதே உள்நிகழ்வு, இங்கே தூண்டலாக முடிகிறது. இது ஏற்பி தன் போக்கை மாற்றிக்கொண்டதால் வந்த வேறுபாடு அன்று. செல்லுறையில் அது செய்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்தச் செயலை ஒவ்வொரு செல்லும் எதனோடு இணைத்து வைத்திருக்கிறது என்பதே வேறு.

மற்ற திசுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரத்தத் தட்டணுக்களில் சைக்ளிக் ஏஎம்பி உறைதலைத் தடுத்து நிற்பதால், ஈபி3 அந்தத் தடையை இளக்கி, வேறு தூண்டல்களால் தொடங்கிய உறைதலைப் பலப்படுத்துகிறது. தானாகவே உறைதலைத் தொடங்கிவைப்பதில்லை. சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாயில் நீரை மீட்கச் சொல்லும் வாசோபிரசின் ஹார்மோனுக்கு எதிராக நின்று நீரை வெளியேற விடுகிறது. கொழுப்புச் செல்லில் கொழுப்பு கரைவதை மட்டுப்படுத்துகிறது. சுவாசப் பாதையின் உணர்வு நரம்பில் இருமலைத் தூண்டுகிறது.

இந்த விவரங்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, ஏற்பியைப் பற்றி எல்லா இடத்திலும் உண்மையாகும் கூற்று மிகச் சிறியதாக இருக்கிறது: புராஸ்டாகிளாண்டின் ஈ2 வந்தால் அது ஜி புரதத்தை இயக்கும். காய்ச்சல், சுருக்கம், அமிலக் குறைவு ஆகிய எல்லாம் அதற்கு அப்பால் உள்ளவை. ஆனால் மருத்துவத்துக்கும் நோயாளிக்கும் வேண்டியது அந்த அப்பால் உள்ளவைதான். யாரும் சைக்ளிக் ஏஎம்பி கூடிவிட்டது என்று மருத்துவரிடம் போவதில்லை.

அரிஸ்டாட்டில் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருந்தார். ஓர் உறுப்பு என்ன என்பதை அது எதன்பொருட்டு இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. உடலிலிருந்து வெட்டப்பட்ட கை, பெயரளவில்தான் கை. பிடிக்கவும் எழுதவும் இயலாத அது உண்மையில் கை ஆகாது. இந்த அளவுகோலை ஏற்பிக்கு வைத்தால், செல்லிலிருந்து பிரித்துச் சோதனைக் குழாயில் தூய்மைப்படுத்திய ஈபி3 பெயரளவில்தான் ஈபி3. அரிஸ்டாட்டிலின் முதல் பாதி இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். இயற்கை ஒரு கருவியை ஒரு வேலைக்கே படைக்கிறது, ஒரே வேலைக்கு அமைந்த கருவியே சிறந்தது என்பது அவர் ‘அரசியல்’ நூலில் சொல்லும் கருத்து. சிக்கனத்துக்காகப் பல வேலைக்கும் உதவும்படி கொல்லர் அடிக்கும் டெல்ஃபிக் கத்தியைப் போல இயற்கை எதையும் செய்வதில்லை என்கிறார். விலங்குகளின் உறுப்புகள் பற்றிய நூலில் இதைக் கொஞ்சம் தளர்த்தி, வேறு வழியில்லாத இடத்தில் இயற்கை ஒரே உறுப்பைப் பல வேலைக்குப் பயன்படுத்தும் என்று ஒப்புக்கொள்கிறார். மூலக்கூறுகளின் உலகம் அந்த விதிவிலக்கையே விதியாக்கி வைத்திருக்கிறது. ஒரு வேலைக்கு மட்டும் பயன்படும் ஏற்பியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அங்கே அரிது. அரிஸ்டாட்டிலைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளை வைத்து எழுதியவர் அவர். ஆனால் நோக்கம் ஒன்றாக இருந்தால்தான் நோக்கத்தை வைத்துப் பொருளை வரையறுக்க முடியும். நோக்கம் பத்தாகும்போது அந்த வரையறை கலைந்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில மொழித் தத்துவத்தில் இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. லாரி ரைட் 1973இல் எழுதிய கட்டுரையில், ஒன்றின் செயற்பாடு என்பது எந்த விளைவால் அது இன்னும் அங்கே இருக்கிறதோ அந்த விளைவு என்றார். இதயம் இரத்தத்தை இறைப்பதால் நிலைத்திருக்கிறது, ஆகவே இறைத்தலே அதன் செயற்பாடு. இதயத் துடிப்பின் ஒலி மருத்துவருக்குப் பயன்பட்டாலும் அது செயற்பாடு ஆகாது. ராபர்ட் கம்மின்ஸ் 1975இல் வேறு திசையில் போனார். வரலாற்றைக் கேட்க வேண்டாம்; ஒரு முழுமையின் திறனுக்கு அந்தப் பகுதி என்ன பங்களிக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும் என்பது அவர் நிலை.

ரைட்டின் அளவுகோலை ஈபி3க்கு வைத்தால் விடை ஒன்றாக வருவதில்லை. புராஸ்டாகிளாண்டின்கள் மிகப் பழையவை; கரீபியன் கடலின் மென்பவளம் ஒன்றில் அவை ஏராளமாக இருப்பது 1969இல் தெரியவந்தது. காய்ச்சலின் பயனும் பாலூட்டிகளோடு தொடங்கியதன்று: 1975இல் மேத்யூ குளூகரும் கூட்டாளிகளும், பாக்டீரியா தொற்றிய பாலைவன ஓணான்கள் வெப்பமான சூழலில் இருந்தால் கூடுதலாகப் பிழைப்பதைக் காட்டினார்கள். சிறுநீரகமும் முதுகெலும்பிகளின் பழைய உடைமை. குட்டியைச் சுமந்து ஈனும் பாலூட்டியின் கருப்பையோ மிகவும் பிற்காலத்தது. வேறொன்றுக்காக இருந்த அமைப்பு புதிய வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதை ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் வர்பாவும் 1982இல் தனி வகையாகப் பிரித்துப் பேசினார்கள். கருப்பையில் ஈபி3 இருப்பது அந்த வகையில் சேரத் தக்கது. ஆனால் முதலில் வந்தது உண்மையான வேலை, பிறகு வந்தது இரவல் வேலை என்று சொல்ல எந்தத் தாயின் உடலிலும் ஆதாரம் இல்லை. பிரசவம் ஆன கருப்பை சுருங்காவிட்டால் இரத்தம் நிற்காது. அந்த உடலுக்கு இது இரவல் அன்று.

கம்மின்ஸின் வழி இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்த்துவிடுகிறது. மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பங்களிப்பு, இரைப்பைக்கு ஒரு பங்களிப்பு, கருப்பைக்கு ஒன்று என்று ஒவ்வொரு முழுமைக்கும் ஒரு செயற்பாடு. இன்றைய மருந்தியலார் தெரிந்தோ தெரியாமலோ இப்படித்தான் பேசுகிறார்கள். இதில் ஒரு குறை உண்டு. இவ்வளவு முழுமைகளிலும் பங்களிக்க முடிந்த அந்த ஒன்று எது, அதை ஒன்று என்று சொல்ல என்ன உரிமை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர்கள் இந்தியத் தர்க்கவாதிகள்.

ஏழாம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி, உண்மையில் இருப்பது என்பதற்கே அர்த்தக்கிரியை, அதாவது ஒரு விளைவைத் தரும் திறன், என்பதை இலக்கணமாக வைத்தார். எதையும் விளைவிக்காதது இருப்பதாகச் சொல்ல முடியாது. இந்த இலக்கணத்திலிருந்து பிற்காலப் பௌத்தர்கள், சிறப்பாக விக்ரமசீலத்தில் இருந்த ஞானஸ்ரீமித்திரரும் ரத்னகீர்த்தியும், எல்லாப் பொருளும் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றுகின்றன என்ற கணபங்கக் கொள்கையை நிறுவ முயன்றார்கள். அவர்கள் கையாண்ட எடுத்துக்காட்டு குதிரில் கிடக்கும் விதை. குதிரில் அது முளைப்பதில்லை. நிலத்தில் விழுந்து நீரும் சூடும் கிடைத்தால் முளைக்கிறது. முளைக்கும் திறன் விதைக்கு முன்பே இருந்தது என்றால் குதிரிலேயே ஏன் முளைக்கவில்லை? திறன் உள்ளது காலம் தாழ்த்தாது. திறன் இல்லை என்றால் நிலத்திலும் முளைக்கக் கூடாது. நீரும் மண்ணும் துணை செய்தன என்று சொன்னால், அவை விதைக்கு ஏதாவது சேர்த்தனவா? சேர்த்தன என்றால் அது பழைய விதை அல்ல. சேர்க்கவில்லை என்றால் அவை துணையே அல்ல. ஆகவே குதிர் விதையும் நில விதையும் இரண்டு வேறு பொருள்கள். ஒரே பெயரால் அழைக்கிறோம், அவ்வளவே.

இதற்கு நையாயிகர் உதயணர் ‘ஆத்மதத்துவவிவேகம்’ என்ற நூலில் மறுமொழி எழுதினார். திறன் என்பதில் இரண்டு நிலைகளைப் பிரிக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் உயிர். ஒன்று, விதை விதையாக இருப்பதாலேயே அதற்கு உள்ள தகுதி. மற்றொன்று, துணைக்காரணங்கள் எல்லாம் கூடிவந்து விளைவு நிகழும் நிலை. முதல் நிலை இருந்து இரண்டாம் நிலை இல்லாமல் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை. துணை கூடாததால் விளைவு தாமதமாகிறது. தகுதி குறைந்ததால் அன்று. கல்லை நிலத்தில் போட்டு எவ்வளவு நீர் ஊற்றினாலும் நெல் முளைக்காது என்பதே விதைக்குத் தனித் தகுதி உண்டு என்பதற்குச் சான்று.

ஈபி3யை வைத்து இந்த வழக்கை மறுபடி விசாரித்தால் பெரும்பகுதியில் உதயணர் பக்கமே தீர்ப்பு சாயும். மனித ஈபி3 மரபணுவை வெள்ளெலியின் கருவகச் செல்லுக்குள் புகுத்தி வளர்ப்பது ஆய்வகங்களில் வழக்கமான வேலை. அந்தச் செல்லில் காய்ச்சலுக்கும் இடமில்லை, பிரசவத்துக்கும் இடமில்லை. ஆனாலும் புராஸ்டாகிளாண்டின் ஈ2ஐக் கொடுத்ததும் சைக்ளிக் ஏஎம்பி குறைவதை அளக்க முடிகிறது. எல்லாத் துணைகளையும் மாற்றிவிட்ட பிறகும் ஏற்பியோடு கூடவே வரும் ஒன்று இருக்கிறது. அதுதான் உதயணர் சொன்ன தகுதி. காய்ச்சலும் சுருக்கமும் அந்தத் தகுதியோடு துணைகள் கூடும்போது நிகழ்பவை. 2019இல் ஈபி3யின் முப்பரிமாண அமைப்பு, புராஸ்டாகிளாண்டின் ஈ2 பொருந்திய நிலையிலும் மிசோப்ரோஸ்டால் மருந்தின் செயல்வடிவம் பொருந்திய நிலையிலும் அணு அளவில் வெளியானது. இந்தப் பொருத்தம் எந்தத் திசுவின் தயவிலும் இல்லை. சார்ந்து தோன்றுவதால் எதற்குமே சுவபாவம், அதாவது தனக்கென ஓர் இயல்பு, இல்லை என்று பௌத்த அறிஞர் நாகார்ஜுனரின் வழியில் முற்றாக மறுப்பவர்கள், இந்த அமைப்பும் அணுக்களைச் சார்ந்துதானே நிற்கிறது என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது எல்லாப் பொருளுக்கும் சமமாகப் பொருந்துவதால், ஈபி3க்கும் ஈபி4க்கும் உள்ள வேறுபாட்டை விளக்க உதவுவதில்லை.

எனினும் பௌத்தரின் வாதத்தை முழுவதும் தள்ளிவிட முடியாத ஓர் உண்மையும் உயிரியலில் இருக்கிறது. துணை, பொருளுக்கு எதையாவது சேர்க்கிறதா என்று அவர்கள் கேட்டார்கள். ஈபி3யில் செல் உண்மையிலேயே சேர்க்கிறது. இந்த ஏற்பியின் மரபணு படிக்கப்படும்போது, செய்தி இழையின் இறுதிப் பகுதியைச் செல் வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டுகிறது. இதனால் புராஸ்டாகிளாண்டினைப் பிடிக்கும் பகுதி மாறாமல், செல்லுக்குள் நீளும் வால் மட்டும் வேறுபட்ட பல வடிவங்கள் பிறக்கின்றன. 1993இல் கியோட்டோ ஆய்வாளர்கள் மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து இத்தகைய நான்கு வடிவங்களைப் பிரித்து, வால் மாறினால் ஏற்பி சேரும் ஜி புரதமும் மாறுகிறது என்று காட்டினார்கள். ஒரு வடிவம் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைக்கும் ஜி புரதத்தோடு சேர்ந்தது. வேறு சில அதைக் கூட்டும் ஜி புரதத்தோடு சேர்ந்தன. இன்னொன்று பலவற்றோடும் சேர்ந்தது. மனிதரிலும் இப்படிப் பல வடிவங்கள் உள்ளன.

இந்த இடத்தில் தகுதி தனி, துணை தனி என்ற உதயணரின் கோடு அழியத் தொடங்குகிறது. விதையை எந்த நிலத்தில் போடுவது என்பதோடு நிற்காமல், நிலமே விதையின் ஒரு பகுதியை எழுதுகிறது. தகுதியின் முன்பாதி, அதாவது எதைப் பிடிப்பது என்பது, எங்கும் ஒன்றாக இருக்கிறது. பின்பாதி, அதாவது யாரிடம் சொல்வது என்பது, செல்லின் கையில் இருக்கிறது. குதிர் விதையும் நில விதையும் வேறு வேறு என்ற பௌத்தர் கூற்று இந்தப் பின்பாதியைப் பொறுத்தவரை உண்மையாகிறது. கணந்தோறும் அழிகிறது என்ற அவர்கள் முடிவுக்கு இது போதாது. ஆனால் ஒன்றின் இயல்பு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்ற எண்ணத்தைக் கலைக்கப் போதும்.

சைவ சித்தாந்தத்தில் காரணத்தை முதல், துணை, நிமித்தம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். காய்ச்சலை இந்தப் பகுப்பில் வைத்தால் ஏற்பிக்குக் கிடைக்கும் இடம் துணைக்காரணம்தான். சூடு தசையிலும் கொழுப்பிலும் எரியும் உணவிலிருந்து வருகிறது. ஏற்பி அதற்கு வழிவிடுகிறது. மருந்து ஆராய்ச்சி ஏற்பியையே தலைமைக் காரணம் போலப் பேசுவதற்கு, அங்கேதான் கைவைக்க முடிகிறது என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. சடப்பொருள்கள் தாமாக இவ்வளவு ஒழுங்காகக் கூடிவர முடியாது, அறிவுடைய நிமித்த காரணன் ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தியின் அடுத்த படி. மேலைநாட்டில் வில்லியம் பேலி 1802இல் உறுப்புகளின் பொருத்தத்தைக் காட்டி இதற்கு நெருக்கமான வாதத்தை எழுதினார். பேலியின் வாதம் உறுப்புக்கும் நோக்கத்துக்கும் உள்ள பொருத்தத்தை நம்பி நிற்பதால், நோக்கம் பலவான ஈபி3யின் முன் வலுவிழக்கிறது. சித்தாந்தியின் வாதம் ஓர் உறுப்பின் மேல் நிற்பதன்று; முழுமையின் மேல் நிற்பது. அதை ஓர் ஏற்பியைக் காட்டி நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இறைவன் உண்டா என்ற கேள்வியை உடலியல் நூலின் ஒரு பக்கத்தில் தீர்த்துவிட்டதாகச் சொல்பவர்கள், எந்தத் தரப்பினராயினும், அந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

இந்த வழக்கு நூலோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு மிசோப்ரோஸ்டால் போதிய சாட்சி. புராஸ்டாகிளாண்டின் ஈ1இன் சாயலில் செர்ல் நிறுவனம் 1973இல் உருவாக்கிய செயற்கைப் பொருள் இது. ஈபி3யோடும், ஈபி2, ஈபி4 ஏற்பிகளோடும் பொருந்துகிறது. வலி மாத்திரைகளால் வரும் இரைப்பைப் புண்ணைத் தடுப்பதற்காக 1988இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அந்தப் பயனில் கருப்பைச் சுருக்கம் பக்கவிளைவு. கர்ப்பிணிகள் உட்கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கை அச்சிடப்பட்டது. பிரேசிலில் 1980களின் பிற்பகுதியில் மருந்துக் கடையில் எளிதாகக் கிடைத்த இந்த மாத்திரையைப் பெண்கள் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். எச்சரிக்கையாக இருந்ததே அவர்களுக்குப் பயனாகிவிட்டது. 1991இல் அந்நாட்டு அரசு விற்பனையைக் கட்டுப்படுத்தியது. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை நிறுத்த இதே மருந்தைக் கொடுக்கும்போது கணக்கு மறுபடி மாறுகிறது. அங்கே கருப்பை சுருங்குவதே சிகிச்சை. தாய்க்கு வரும் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் பக்கவிளைவு.

ஏற்பியைப் பொறுத்தவரை இந்த மூன்று சந்தர்ப்பத்திலும் முதன்மை விளைவு, பக்கவிளைவு என்ற பாகுபாடே இல்லை. இரைப்பையிலும் கருப்பையிலும் மூளையிலும் மருந்து எட்டிய இடமெல்லாம் அது தன் வேலையைச் செய்கிறது. பாகுபாடு கொடுப்பவரின் கருத்திலும் வாங்குபவரின் தேவையிலும் பிறக்கிறது. ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், அவற்றில் ஒன்று மட்டுமே கருதப்பட்டதாக இருக்கலாம் என்று தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் தற்காப்பைப் பற்றிப் பேசும்போது எழுதினார். கத்தோலிக்க அறவியல் அதை இரட்டை விளைவுக் கோட்பாடாக வளர்த்தது. கருதிய விளைவுக்கும் முன்னறிந்தும் கருதாத விளைவுக்கும் அறநோக்கில் வேறுபாடு உண்டு என்பது அதன் சாரம். அந்த வேறுபாடு உண்மையானதா என்பது இன்றும் அறவியலார் இடையே முடியாத வழக்கு. ஆனால் ஒன்று மட்டும் உறுதி: அந்த வேறுபாட்டை மூலக்கூறில் தேடிப் பயனில்லை. மருந்தின் இயல்பே இன்னதுதான், ஆகவே இன்ன பயன் இயற்கைக்கு ஒத்தது, இன்ன பயன் இயற்கைக்கு மாறானது என்று ஏற்பியைச் சாட்சிக்கு இழுக்கும் வாதம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் செல்லாது. சரி தவறு பேச வேண்டிய இடம் மனிதரின் கருத்தும் பொறுப்பும்.

மிசோப்ரோஸ்டாலை உலக சுகாதார நிறுவனம் பிரசவ இரத்தப்போக்கைத் தடுப்பதற்கென 2011இல் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. செர்ல் நிறுவனம் சைட்டோடெக் என்ற பெயரில் முதலில் வெளியிட்ட மாத்திரைக்கு அமெரிக்காவில் உள்ள அனுமதியோ இரைப்பைப் புண்ணைத் தடுப்பதற்கு மட்டுமே.